கார் சாவி மக்கர் செய்தால் எங்கே பார்க்க வேண்டும்: அறிகுறி வாரியாக

கார் சாவியில் கோளாறு என்றதும் நேராகக் கடைக்குப் போய் புதுச் சாவி என்ன விலை என்று கேட்பவர்கள்தான் அதிகம். அங்கேயும் எந்தப் பகுதி போயிருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்காது, புதுசு போட்டுவிடலாம் என்பார்கள். செலவு செய்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் ஒரே சாவி, உள்ளே தனித்தனியாக மூன்று சாமான் இருக்கிறது. பூட்டைத் திருப்பும் இரும்புப் பிளேடு ஒன்று. இம்மொபிலைசர் சிப் இன்னொன்று; இதை வண்டி அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் ஓடாது. இதற்குப் பேட்டரியே கிடையாது, இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் வளையக் காயில் (கம்பிச் சுருள்) அனுப்பும் அலையிலிருந்தே (பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்) தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, நான்தான் இந்த வண்டியின் சாவி என்று பதில் சொல்லும். மூன்றாவது ரிமோட்; நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரியில் ஓடும், இந்தியாவில் விற்கும் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும்.

இதில் ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். எனவே எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்த்தாலே பழுது ஏறக்குறைய பிடிபட்டுவிடும். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான்: வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து வாருங்கள். அது ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். அதுவும் அதே மாதிரி மக்கர் செய்தால் கோளாறு வண்டியில், அப்போது எத்தனை புதுச் சாவி வாங்கினாலும் காசுதான் வீண்.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ரிமோட் பட்டன் வேலை செய்யவில்லை

இதில் சிப் நன்றாக இருக்கிறது என்பது உறுதி, ரிமோட் பக்கம் மட்டும் பாருங்கள். பக்கத்தில் வந்து அழுத்தினால் மட்டும் லாக் ஆகிறது, இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருக்கிறது என்றால் பேட்டரி தீர்ந்துகொண்டு வருகிறது. சாவியின் ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் துணி சுற்றிய சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாக நெம்பினால் திறக்கும், பழைய பேட்டரியின் முதுகிலேயே எண் இருக்கும். அந்த எண்ணை அப்படியே வாங்குங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 அதே அகலம்தான் ஆனால் 2.5 தான் தடிமன், ஆகவே உள்ளே உட்கார்ந்துவிடும், தொடர்பு மட்டும் விட்டு விட்டு வரும். கடையில் இது இல்லை, அது போட்டாலும் ஓடும் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்தும் பார்க்கலாம். புதுப் பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும், 2.8க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. புதுசைப் போடும்போது விரலால் இரண்டு பக்கமும் தடவாமல் ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள். குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்று சில பிராண்டுகளில் கசப்புப் பூச்சு பூசி வருகிறது, அந்தப் பூச்சால் சில கருவிகளில் தொடர்பு கிடைக்காமல் போவதுண்டு. புதுப் பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். ஆனால் அந்தப் பூச்சு இருக்கிறதே என்று பழைய பேட்டரியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேஜை மேல் போட்டுவைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும், சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான்.

சரி, பேட்டரி மாற்றியும் அசையவில்லை. சாவியில் சின்ன லைட் இருந்தால் பட்டனை அழுத்தும்போது எரிகிறதா பாருங்கள். எரியவே இல்லை என்றால் பேட்டரியைப் பிடிக்கும் தகடு வளைந்திருக்கும் அல்லது துரு ஏறியிருக்கும், இல்லையென்றால் பட்டனுக்கு அடியில் போர்டில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் தேய்ந்திருக்கும். லாக் பட்டன் மட்டும் போய், அன்லாக் நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அந்த ஸ்விட்ச்தான். செல்போன் சர்வீஸ் கடையில் சால்டரிங் தெரிந்தவர் இருந்தால் அதே அளவு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்துவிடுவார், சாவி மாற்றத் தேவையே இல்லை.

லைட் எரிகிறது, வண்டி மட்டும் கண்டுகொள்ளவில்லை என்றால் வண்டிக்கும் ரிமோட்டுக்கும் கணக்கு தப்பியிருக்கலாம். ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புதுக் குறியீடு அனுப்பும், அடுத்து என்ன குறியீடு வரவேண்டும் என்று வண்டியும் எண்ணிக்கொண்டே வரும். வண்டி எட்டாத தூரத்தில் குழந்தை சாவியை வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தி விளையாடினால் இந்த எண்ணிக்கை வெகுதூரம் தள்ளிப் போய்விடும். சில வண்டிகளில் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினாலே சேர்ந்துகொள்ளும், சிலவற்றில் சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் செய்துவிட்டு லாக் பட்டனை அழுத்த வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதைப் பாருங்கள். யூடியூபில் வேறு நாட்டு மாடலுக்குச் சொன்னதை அப்படியே செய்ய வேண்டாம்.

பேஸ் மாடல் வாங்கி வெளியில் சென்ட்ரல் லாக் போட்டவர்களுக்கு இது வேறு கதை. அந்த ரிமோட்டுக்கும் கம்பெனி சாவிக்கும் சம்பந்தமே இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தனியாக ஒரு பெட்டி இருக்கும், புது ரிமோட்டை அதற்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் கைவிரித்துவிடுவார்கள். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி அக்சஸரி கடைகள் உள்ள இடத்துக்குப் போங்கள், போகும்போது பழைய ரிமோட்டையும் அந்தப் பெட்டியின் பிராண்ட் பெயரையும் கொண்டுபோங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரிமோட் வேலை செய்யவில்லை

வீட்டில் சரியாக இருக்கிறது, ஆபீஸ் பார்க்கிங்கில் மட்டும் கதவு திறக்கவில்லை என்றால் சாவியில் ஒன்றும் இல்லை. 433 மெகாஹெர்ட்ஸில் வயர்லெஸ் காலிங் பெல், ஷட்டர் ரிமோட், கேட் ரிமோட் என்று ஏகப்பட்டது ஓடுகிறது, அதில் ஏதாவது ஒன்றின் பட்டன் மாட்டிக்கொண்டு விடாமல் அலை அனுப்பினாலும் அந்தப் பகுதி முழுக்க எல்லோருடைய ரிமோட்டும் தடுமாறும். பக்கத்து வண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் இதே கதையாக இருக்கும். பிளேடால் திறந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

புஷ் பட்டன் வண்டி, சாவி உள்ளேயே இருக்கிறது, 'சாவி இல்லை' என்கிறது

இந்த வண்டிகளுக்கு வருவது பூட்டில் செருகத் தேவையில்லாத ஸ்மார்ட் கீ; இதில் வண்டிதான் முதலில் பேச்சைத் தொடங்கும். கதவுக் கைப்பிடியிலும் உள்ளேயும் இருக்கும் ஆன்டெனாக்கள் சிறிய தூரத்துக்கு மட்டும் எட்டும் அலையை அனுப்பும், அதைக் கேட்டு சாவி விழித்துக்கொண்டு ரேடியோவில் பதில் சொல்லும். சாவிப் பேட்டரி தீர்ந்தால் இந்தப் பதில் வராது. ஆனால் அதற்குள்ளும் பேட்டரி தேவையில்லாத சிப் ஒன்று இருக்கிறது, ஆகவே நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை. சாவியின் பக்கத்தில் உள்ள சின்ன நாக்கை நகர்த்தினால் பிளேடு வெளியே வரும். டிரைவர் கதவில் துவாரம் தெரியவில்லை என்றால் கைப்பிடி மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிளேடால் திறந்ததும் சில வண்டிகளில் அலாரம் அடிக்கும், பயப்படாதீர்கள், ஸ்டார்ட் செய்ததும் நின்றுவிடும். அப்புறம் பிரேக்கை (மேனுவல் என்றால் கிளட்ச்சை) மிதித்துக்கொண்டு, ஹூண்டாய், கியாவில் சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். டொயோட்டாவில் லோகோ இருக்கும் பக்கத்தைப் பட்டன் மேல் வைத்து, சத்தம் வந்த பிறகு பட்டனை அழுத்த வேண்டும். மாருதியிலும் சாவியைப் பட்டனில் தொடவைப்பதுதான் முறை. வேறு சில கம்பெனிகளில் சாவி வைக்கும் இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் தண்டிலோ இருக்கும். இதை இன்றைக்கே, வண்டி நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இரவு பதினொரு மணிக்கு மழையில் அதைத் தேட முடியாது.

பேட்டரி புதுசு, ஆனாலும் அதே செய்தி வருகிறதா? சாவியோடு ஒரே பையில் போன் இருக்கிறதா, வயர்லெஸ் சார்ஜர் மேல் சாவியை வைத்திருக்கிறீர்களா, 12 வோல்ட் சாக்கெட்டில் மலிவு சார்ஜரோ டேஷ்கேமோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அடுத்த சந்தேகம் வண்டியின் பெரிய பேட்டரி. அது இறங்கினால் இன்ஜின் சுற்றாது என்பது எல்லோருக்கும் தெரியும், சாவியை அடையாளம் காணும் எலக்ட்ரானிக்ஸும் குழம்பும் என்பதுதான் தெரிவதில்லை. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12க்குக் கீழே போனால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

சாவிப் பேட்டரி சில மாதத்துக்கு ஒருமுறை தீர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் அதை எங்கே மாட்டிவைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். போர்ட்டிகோவில் வண்டி, சுவரின் இந்தப் பக்கம் சாவி ஆணி என்றால் இரண்டும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். டிவி, லேப்டாப் பக்கத்தில் வைத்தாலும் இதே கதைதான். டொயோட்டாவின் பல சாவிகளில் லாக் பட்டனைப் பிடித்துக்கொண்டு அன்லாக்கை இரண்டு முறை அழுத்தினால் லைட் நான்கு முறை மினுக்கிவிட்டு சாவி தூங்கிவிடும், வெளியூர் போகும்போது வசதி.

இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அல்லது பிடித்து ஒரு நொடியில் அணைகிறது

மீட்டரில் சாவி படமோ, பூட்டுப் போட்ட கார் படமோ எரியும். இக்னிஷன் போட்டதும் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தால் நல்லது. அணையாமல் வேகமாக மினுக்கிக்கொண்டே இருந்தால் வண்டி சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம். மாருதிக்காரர்கள் ஐகேட்ஸ் என்று சொல்வது இந்த இம்மொபிலைசரைத்தான். இந்த லைட் சரியாக அணைந்தும் வண்டி பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், ப்ளக் என்று வேறு எங்காவது பழுது இருக்கும், சாவியைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மினுக்குகிறது என்றால் முதலில் கொத்திலிருந்து சாவியைத் தனியாகக் கழற்றுங்கள். ஒரே வளையத்தில் இன்னொரு காரின் சிப் சாவி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி வண்டியைக் குழப்பும். பெரிய உலோகக் கீசெயினும் தொந்தரவுதான். தனிச் சாவியை வெளியே எடுத்து, சில நொடி விட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: அண்மையில் சாவிக்குப் புதுக் கூடு மாற்றினீர்களா? இந்த அறிகுறிக்கு மிகவும் சாதாரணமான காரணம் இதுதான், இதற்காக எத்தனையோ பேர் புதுச் சாவிக்கே காசு கொடுத்துவிடுகிறார்கள். பழைய கூடு தேய்ந்துவிட்டது என்று ஆன்லைனில் ஃப்ளிப் கீ (பிளேடு மடங்கும் சாவி) கூடு வாங்கி, போர்டை மட்டும் எடுத்து மாற்றிவிட்டு, பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பல சாவிகளில் சிப் போர்டில் இருக்காது, கூட்டின் மூலையில் ஒரு சின்னப் பள்ளத்தில் கறுப்புத் துண்டாகவோ கண்ணாடிக் குழாயாகவோ ஒட்டியிருக்கும், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக. ரிமோட் வேலை செய்யும், கதவு திறக்கும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. குப்பை வண்டி வருவதற்கு முன்னால் பழைய கூட்டைத் தேடி எடுங்கள். சிப்பை எடுக்கும்போது இடுக்கியால் நசுக்காதீர்கள், உடைந்தால் புதுச் சிப் வாங்கி அதை வண்டிக்குக் கற்றுக்கொடுப்பதை (புரோகிராம் செய்வதை) தவிர வழியில்லை.

தெருமுனைக் கடையில் டூப்ளிகேட் போட்ட சாவி கதவைத் திறக்கிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை என்பதும் இதே கணக்குதான். அவர் பிளேடைத்தான் வெட்டிக் கொடுத்தார், சிப் வைக்கவில்லை. அதைக் கதவு திறக்க அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு சாவிக்கும் மினுக்கினால் இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் காயிலையோ அதற்குப் போகும் கனெக்டரையோ பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் யாராவது ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்டீரியோ, அலாரம் என்று வயரிங் வேலை பார்த்திருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சாவி திரும்பவில்லை

முக்கால்வாசி நேரம் ஸ்டீயரிங் லாக்தான். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். ஆட்டோமேட்டிக்கில் சாவி வெளியே வரவில்லை என்றால் கியர் பி-யில் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பிளேடு தேய்ந்திருக்கும். தேய்ந்த சாவியைப் பார்த்து டூப்ளிகேட் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வெட்டப்படும், எனவே வண்டி வாங்கும்போது கொடுத்த சின்னத் தகட்டில் உள்ள சாவி எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும். கிராஃபைட் தூள், அது இல்லையென்றால் பென்சில் முனையைத் தூளாக்கிப் பிளேடில் தடவிப் போட்டு எடுங்கள்.

வாஷிங் மெஷினில் போய்விட்டது

பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே பிரித்துப் பேட்டரியைக் கழற்றுங்கள், போர்டைக் கெடுப்பது தண்ணீரைவிடத் தண்ணீரோடு சேர்ந்த மின்சாரம்தான். சோப்பும் உப்பும் போக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, புதுப் பேட்டரி போடுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் பிரயோஜனமில்லை, தூசிதான் சேரும். ரிமோட் போய்விட்டாலும் தனியாக இருக்கும் சிப் பெரும்பாலும் பிழைத்துவிடும், முதலில் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

சாவி தொலைந்துவிட்டது

ஒன்று தொலைந்து ஒன்று கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நல்ல சாவி இருக்கும்போது இரண்டாவதைச் சேர்ப்பது டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகிச் செய்யும் சின்ன வேலை. இரண்டும் போய்விட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், சில மாடல்களில் கன்ட்ரோல் யூனிட்டை (வண்டியின் எலக்ட்ரானிக் மூளை) கழற்ற வேண்டும் அல்லது மாற்றவே வேண்டும், ஸ்மார்ட் கீ என்றால் செலவு பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்கான சீட்டு) வாங்கிவிடுங்கள். டீலர் ஆர்சி, அடையாள அட்டையோடு இதையும் கேட்கக்கூடும், அதைவிட முக்கியம் இன்சூரன்ஸ். வண்டி திருடுபோனால் கம்பெனிக்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று எப்போது தொலைந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் கிளெய்ம் இழுத்தடிக்கும். உங்கள் பாலிசியில் சாவி மாற்றும் கவர் சேர்த்திருக்கிறீர்களா என்றும் புரட்டிப் பாருங்கள், அதற்குப் பணம் கட்டியதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

சாவி வண்டிக்குப் பக்கத்தில் தொலைந்தாலோ, பர்ஸோடு சேர்ந்து திருடுபோனாலோ, புதுச் சாவி சேர்த்தால் மட்டும் போதாது, பழையதை வண்டியின் நினைவிலிருந்து அழிக்கவும் சொல்ல வேண்டும். அழித்த பிறகும் அந்தப் பிளேடு கதவைத் திறக்கும், இன்ஜினைத்தான் எழுப்பாது, ஆகவே உள்ளே மதிப்புள்ள பொருள் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

புரோகிராம் ஏற மாட்டேன் என்கிறது

கடைக்காரர் முயன்று முயன்று பார்க்கிறார், ஏறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நீங்கள் வாங்கிவந்த சாவியிலேயே இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மார்ட் கீ அச்சு அசலாக அதே வடிவில் இருந்தாலும் அங்கே பல கார்களுக்கு 315 மெகாஹெர்ட்ஸ், நம் வண்டிக்கு அது காதில் விழவே விழாது. பழைய சாவியை மலிவாக வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கல்: பல ஸ்மார்ட் கீகள் ஒரு வண்டியோடு சேர்ந்ததும் பூட்டிக்கொள்ளும், வேறு வண்டி ஏற்காது. சிப் வகையும் பொருந்த வேண்டும். ஐடி46 கேட்கும் வண்டிக்கு ஐடி47 போட்டால் ஏறாது, இரண்டும் ஒரே கூட்டில் விற்கிறார்கள். வண்டியின் மாடல், வருடம், சேசிஸ் நம்பர் மூன்றையும் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

பொருள் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் வண்டிப் பேட்டரியைப் பாருங்கள். புரோகிராம் நடக்கும்போது இக்னிஷன் ஆனிலேயே நிற்கும், பாதியில் வோல்டேஜ் இறங்கினால் வேலை அந்தரத்தில் நின்றுவிடும், கெட்ட நேரம் என்றால் கன்ட்ரோல் யூனிட்டே குழம்பிவிடும். பக்கத்தில் சார்ஜர் போட்டுக்கொண்டு செய்பவர்தான் தொழில் தெரிந்தவர். ஏசியையும் ஹெட்லைட்டையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும் வீட்டிலிருக்கும் எல்லாச் சாவியையும் எடுத்துக்கொண்டு போங்கள். பல வண்டிகளில், ஹூண்டாயும் கியாவும் இதில் சேர்த்தி, புதுச் சாவி கற்பிக்கத் தொடங்கியதும் பழைய பதிவு எல்லாம் அழிந்து, அந்தச் சமயத்தில் காட்டிய சாவிகள் மட்டுமே பதிவாகும். வீட்டு பீரோவில் இருந்த நல்ல சாவி அன்றோடு செத்துப்போகும். வேலை முடிந்ததும் கருவித் திரையில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகக் காட்டினால், அந்த இன்னொன்று யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.